கேரம் பவுடர், வெங்காரம், தொண்டிக் கடல் தண்ணீர்: பழைய காற்றை அளக்கும் வழியை வீட்டில் செய்து பார்த்தது

பழங்காலக் கடல் எவ்வளவு அமிலமாக இருந்தது, அதற்கு மேலிருந்த காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்பதையெல்லாம் கடலுயிர்களின் ஓட்டிலிருந்து கணக்கிட்டுச் சொல்கிறார்கள். அண்டார்ட்டிகா பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் 8 லட்சம் வருடக் கணக்கைத் தொடர்ச்சியாகக் கொடுக்கின்றன. அந்தக் காலம் முழுக்க கரியமில வாயு ஏறத்தாழ 180 பிபிஎம்முக்கும் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 300 பிபிஎம்முக்கும் இடையில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. இன்றைக்கு 420ஐத் தாண்டிவிட்டது. இந்த அளவு முன்பு எப்போது இருந்தது என்று தேடினால் பனிக்கட்டி உதவாது, இன்னும் பின்னால் போக வேண்டும். அங்கே கைகொடுப்பது ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரியின் சுண்ணாம்பு ஓடு. மணல் துகள் அளவுதான் இருக்கும். அந்த ஓட்டில் பத்து லட்சத்தில் பத்து, இருபது பங்காக ஒட்டிக்கொண்டிருக்கும் போரான்தான் சாட்சி.

நான் காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பவள். பழைய செட்டிநாட்டு வீடொன்றின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அமில-கார சமநிலைப் பாடம் நடத்தும்போது இந்தப் போரான் கதையைச் சொன்னேன். வீட்டுக்கார ஆச்சியின் பேத்தி, "இதுல எவ்வளவு நம்மளால செஞ்சு பாக்க முடியும் டீச்சர்?" என்று கேட்டாள். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். சுருக்கமாகச் சொன்னால் பாதிக்கு மேல் முடிகிறது. மீதி ஏன் முடியாது என்பதும் செய்து பார்த்தால்தான் புரிகிறது.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீரில் கிலோவுக்குச் சுமார் 4.5 மில்லிகிராம் போரான் இருக்கிறது. அது இரண்டு உருவத்தில் இருக்கும்: போரிக் அமிலம், போரேட் அயனி. தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏற ஏற போரேட்டின் பங்கு கூடும், இறங்கினால் போரிக் அமிலத்தின் பங்கு கூடும். போரானுக்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் வேறுபட்ட அணு வகைகள், இரண்டு. எடை 10 கொண்டது ஐந்தில் ஒரு பங்கு, எடை 11 கொண்டது ஐந்தில் நான்கு பங்கு. கனமான 11க்குப் போரிக் அமிலமாக இருப்பதில் சற்று விருப்பம் அதிகம், லேசான 10 போரேட்டில் சேரும். ஆகவே பி.எச். மாறும்போது போரேட்டுக்குள் இருக்கும் 10, 11 விகிதமும் மாறும். சுண்ணாம்பு ஓடு கட்டும் உயிர் போரேட்டைத்தான் உள்ளே இழுத்துக்கொள்கிறது என்ற கருத்தை 1992இல் ஹெமிங்கும் ஹான்சனும் முன்வைத்தார்கள். உயிர் செத்து ஓடு கடலடியில் புதைந்த பிறகும் அந்த விகிதம் ஓட்டுக்குள்ளேயே கிடக்கும். அதை அளந்தால் ஓடு கட்டிய நாளில் இருந்த பி.எச். கிடைக்கும், பி.எச்.சிலிருந்து கரியமில வாயு.

இதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. காற்றுக்கும் கடலின் பி.எச்.சுக்கும் உள்ள தொடர்பு ஒன்று, பி.எச்.சுக்கும் போரேட் பங்குக்கும் உள்ள தொடர்பு அடுத்தது, போரேட்டிலிருந்து ஓட்டுக்குப் போவது மூன்றாவது. முதல் இரண்டும் வீட்டிலேயே முடிகிறது.

தண்ணீரிலிருந்து ஆரம்பித்தோம். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் பஸ் இருக்கிறது. கரையோரத் தண்ணீர் கலங்கலாக இருக்கும். பாக் விரிகுடாப் பக்கம் அலை கம்மி, சேறும் கடற்புல்லும் அதிகம். படகில் போகிறவர்களிடம் கேனைக் கொடுத்துக் கொஞ்சம் உள்ளே இருந்து மொண்டு வரச் சொன்னேன். கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு எடுத்தால் வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் கலந்திருக்கும், அதனால் கோடையில் எடுத்ததுதான் வசதி. வீட்டுக்கு வந்ததும் இரண்டு மடிப்பு வேட்டித் துணியிலும் பிறகு காபி ஃபில்டர் தாளிலும் வடிகட்டி, மூடி போட்டு வைத்துவிட வேண்டும். உள்ளே உயிர் இருந்தால் அது மூச்சுவிட்டே பி.எச்.சைக் கெடுத்துவிடும்.

அளப்பதற்கு மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் பேனா மாதிரியான பி.எச். மீட்டர் போதும். இரண்டாவது தசம இடத்தைக் காட்டுவதாக வாங்குங்கள். அதோடு 4.01, 6.86, 9.18 என்று மூன்று பொட்டலம் பவுடர் வரும். அளவு சரிபார்க்க, பொட்டலத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, பேனாவை முக்கித் திருத்திக்கொள்ள வேண்டும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊரில் மின்முனையைச் சரிபார்க்காமல் எண் சொல்வது அழகில்லை என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அந்த 9.18 பொட்டலத்தை நினைவில் வையுங்கள், கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

முதல் கண்ணிக்கு வழக்கமாகச் செய்வது உறிஞ்சுகுழலால் ஊதுவது. கடல் தண்ணீரில் ஊதினால் 8க்கு மேல் இருந்தது சில நிமிடத்தில் 7க்குக் கீழே போய்விடும். நம் மூச்சில் நூற்றுக்கு நாலு பங்கு கரியமில வாயு, வெளிக் காற்றைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. பார்க்கச் சுவாரசியமாக இருக்கும், ஆனால் இதில் அளவு எதுவும் கிடைக்காது. அப்புறம் பேத்திதான், "அப்ப நம்ம ரூம் காத்தையும் இது சொல்லுமா டீச்சர்?" என்று கேட்டாள். அங்கேதான் சோதனை சூடுபிடித்தது.

ஒரே கேனிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் டப்பாவில் கடல் தண்ணீர். இரண்டிலும் மீன் தொட்டிக் காற்றுப் பம்பு. ஒன்றை வளவு வாசலில், வானம் பார்த்த இடத்தில் வைத்தோம். மற்றொன்றை டியூஷன் நடக்கும் ஏசி அறையில், கதவைச் சாத்தி, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே ஓடவிட்டோம். டப்பாவின் வாயைத் துளையிட்ட பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பது அவசியம், இல்லாவிட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிவிடும். சில மணி நேரம் குமிழி விட்டால் தண்ணீர் அந்தந்த இடத்துக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும். வந்துவிட்டதா என்று பார்க்க, அரை மணி நேர இடைவெளியில் எண் நகராமல் நிற்கிறதா என்று கவனித்தால் போதும்.

ஏசி அறைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். பி.எச். வெப்பத்தோடும் மாறும். அதனால் டப்பாவிலிருந்து நிரம்ப ஊற்றி இறுக மூடிய சின்ன பாட்டிலில் எடுத்து, இரண்டு பாட்டிலையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்து, ஒரே சூட்டுக்கு வந்தபிறகு அளந்தோம். வாசல் தண்ணீரைவிட டியூஷன் அறைத் தண்ணீர் 0.25ஐ ஒட்டிக் குறைவாகக் காட்டியது. காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் கரியமில வாயு உள்ளே போவதும் வருவதும் காரத்தன்மையைத் தொடாது. குளிர்ந்த தண்ணீர் சற்றுக் கூடுதலாக வாயுவைக் கரைத்துக்கொள்வதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், அந்த 0.25க்குப் பொருள், அறைக் காற்றில் வெளியைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரியமில வாயு. 850 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் மூச்சுவிடும் சாத்திய அறைக்கு இது நம்பக்கூடிய எண். அன்றிலிருந்து நடு வகுப்பில் கதவைத் திறந்துவிடுகிறேன்.

ஆக, கடல் தண்ணீர் தன் மேலிருக்கும் காற்றுக்கு ஏற்றபடி ஒரு பி.எச்.சில் போய் நிற்கிறது. திறந்த பெருங்கடலின் மேற்பரப்பும் இதையேதான் செய்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 280 பிபிஎம் இருந்தபோது மேற்பரப்பின் சராசரி பி.எச். சுமார் 8.2. இப்போது சுமார் 8.1. வாசலுக்கும் டியூஷன் அறைக்கும் இடையே எங்களுக்குக் கிடைத்த வித்தியாசத்தில் பாதிகூட இல்லை. ஆனால் பி.எச். மடக்கை அளவு என்பதால் அந்த 0.1க்கு ஹைட்ரஜன் அயனி நூற்றுக்கு 26 பங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி 9.18 பொட்டலம். அதில் இருப்பது வெங்காரம்தான், போராக்ஸ் என்ற போரான் உப்பு. நகைப் பத்தர்கள் பொடி வைத்து ஊதும்போது போடுவார்களே, அதேதான். வெங்காரத்தைத் தண்ணீரில் போட்டால் பாதி போரிக் அமிலமாகவும் பாதி போரேட்டாகவும் பிரிந்து நிற்கும். இரண்டும் சமமாக இருக்கும் பி.எச். எதுவோ அதைத்தான் பாடப் புத்தகம் பி.கே. என்கிறது. அதாவது பி.கே.யைக் கண்டுபிடிக்கத் துளித்துளியாகக் காரம் விட்டு வரைபடம் போட வேண்டியதில்லை, வெங்காரத்தைக் கரைத்து பேனாவை முக்கினால் முடிந்தது.

நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் கட்டியாகக் கிடைக்கும். பொரித்தது வேண்டாம், பச்சைக் கட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பொரித்ததில் படிக நீர் போயிருக்கும், எடைக்கணக்கு உதைக்கும். லிட்டருக்கு 3.8 கிராம். காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தபோது எதிர்பார்த்தபடி 9.2ஐ ஒட்டி வந்தது. அதே 3.8 கிராமைத் தொண்டித் தண்ணீரில் கரைத்தால் 8.7 பக்கம் இறங்கிவிட்டது! போரானின் அளவும் பாதிக்குப் பாதி என்ற கணக்கும் மாறவில்லை, எண் மட்டும் அரை அலகு கீழே வந்துவிட்டது. கடலில் இருக்கும் சோடியமும் மெக்னீசியமும் கால்சியமும் போரேட் அயனியைச் சூழ்ந்துகொண்டு அதற்கு ஆதரவாக நிற்பதால், குறைந்த பி.எச்.சிலேயே அது பாதிப் பங்கைப் பிடித்துவிடுகிறது. 25 டிகிரி வெப்பம், ஆயிரத்துக்கு 35 உப்பு உள்ள கடல் தண்ணீருக்கு அறிவியல் அட்டவணை தரும் எண் 8.6. எங்களுக்கு 0.1 கூட வந்ததற்குக் காரணம் உண்டு. பொட்டலப் பவுடரை நன்னீரில் கரைத்துத் திருத்திய பேனா, கடல் தண்ணீரில் முக்கும்போது சற்று அதிகமாகவே காட்டும். கடலியலாளர்கள் அதற்காகத் தனி பி.எச். அளவுகோலே வைத்திருக்கிறார்கள். வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதென்றால் நமக்கு இது தடையில்லை.

இந்த 8.6 ஏன் அருமையான எண் என்றால், கடலின் பி.எச். 8.1, 8.2 என்று அதற்குப் பக்கத்திலேயே உலவுகிறது. பக்கத்தில் இருக்கும்போதுதான் போரேட்டின் பங்கு பி.எச்.சுக்கு நன்றாக அசைந்துகொடுக்கும். 8.1இல் போரானில் நூற்றுக்கு 24 பங்கு போரேட், 8.2இல் 28க்கு மேல். பி.கே. 5 என்று இருந்திருந்தால் எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்து கிடந்திருக்கும், சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

மூன்றாவது கண்ணிக்கு ஓடு வேண்டும். அதற்கு முன்னால் போரானைக் கண்ணால் பார்க்க ஒரு வழி வேண்டும். மஞ்சள் இருக்கவே இருக்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினும் போரிக் அமிலமும், அமிலம் சேர்த்து உலர்த்தும்போது இணைந்து சிவப்பாகும். குடிநீரில் போரான் அளக்க இது முறைப்படியான ஆய்வக முறையும்கூட.

கடை மஞ்சள்தூளை இதற்கு நம்பாதீர்கள். கலப்படமாக மெட்டானில் மஞ்சள் சேர்ந்திருந்தால் அமிலம் பட்டதும் அதுவே இளஞ்சிவப்பாகிவிடும், போரான் வந்துவிட்டது என்று குதிப்பீர்கள். விரலி மஞ்சளை வாங்கி நாங்களே இடித்தோம். தூளை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, தெளிந்த மஞ்சள் நீரில் காபி ஃபில்டர் தாளை நனைத்து, வெயில் படாமல் உலர்த்திக் கீற்றுகளாக வெட்டிக்கொண்டோம். சோதிக்க வேண்டிய கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு, அதிலிருந்து ஒரு சொட்டைத் தாளில் வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடிமேல் போட்டு உலர்த்த வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அப்படியே எடுக்காதீர்கள். ஆய்வக அமிலத்தை, கையுறை போட்டு, தண்ணீரில் அமிலத்தை ஊற்றி நீர்க்கச் செய்யுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிள்ளைகளிடம் கொடுக்காமல் நானே செய்தேன்.

கேரம் பவுடர் கரைசலுக்குப் பளிச்சென்று செங்கல் நிறம் வந்தது. கேரம் பலகையில் தூவுகிறோமே, அது பெரும்பாலும் போரிக் அமிலம்தான். வெங்காரக் கரைசலுக்கும் அதே நிறம். தொண்டித் தண்ணீர் அப்படியே என்றால் சந்தேகமாக இருந்தது. பத்தில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, அடியில் படிந்த உப்பை விட்டுவிட்டு மேல் தண்ணீரை எடுத்துச் சோதித்தபோது வெளிர் சிவப்பு வளையம் தெளிவாகத் தெரிந்தது. கடலில் போரான் இருக்கிறது என்று புத்தகத்தில் படிப்பது வேறு, மஞ்சள் தாளில் பார்ப்பது வேறு. பிள்ளைகள் அந்தத் தாளைப் படமெடுத்து ஊருக்கே அனுப்பினார்கள்.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாக இருந்தது வெற்றுச் சோதனை. மாதிரி எதுவும் இல்லாமல், இன்வெர்ட்டருக்கு ஊற்றும் வடிநீரையும் அமிலத்தையும் மட்டும் வைத்து அதே வேலையைச் செய்வது. தாள் மஞ்சளாகவே இருக்க வேண்டும். பின்கட்டில் செய்தால் மஞ்சளாகவே இருந்தது. வளவில் ஒரு தட்டில் வடிநீரை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, மறுநாள் அதைச் சுண்ட வைத்துச் சோதித்தால் லேசாகச் சிவந்தது. வளவில்தான் சாயங்காலம் கேரம் ஆட்டம். ஜன்னல் கட்டையிலிருந்து தூசியை வழித்துச் சோதித்தோம், அதுவும் சிவப்பு.

இங்கே ஒரு கேள்வி எழும். செட்டிநாட்டுத் தூசி என்றால் பாதி செம்மண். செம்மண்ணில் இரும்பு உண்டு, அமிலத்தில் கரைந்த இரும்பும் மஞ்சள் தாளைப் பழுப்பாக்கும். பிரித்தறிய எளிய வழி, உலர்ந்த கறைமேல் ஒரு சொட்டு வாஷிங் சோடா கரைசல். போரான் கறை கரும்பச்சையாக, கிட்டத்தட்ட நீலக் கறுப்பாக மாறும். போரான் இல்லாத இடம் வெறும் செம்பழுப்பாகவே நிற்கும், மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதுபோல. ஜன்னல் தூசிக் கறை இரண்டு நிறமும் கலந்து வந்தது: நடுவில் கரும்பச்சை, ஓரத்தில் பழுப்பு. இரும்பும் இருக்கிறது, போரானும் இருக்கிறது.

ஓட்டிலிருந்து போரானை அளக்கும் ஆய்வகங்களுக்கும் இதே தொல்லைதான், பல ஆயிரம் மடங்கு நுணுக்கமாக. அவர்கள் கையில் இருப்பது நானோகிராம் கணக்கில் போரான். சாதாரண ஆய்வகக் கண்ணாடிக் குவளை போரோசிலிகேட், பேரிலேயே போரான். அதைத் தொடவே மாட்டார்கள், எல்லாம் டெஃப்லான் குப்பி. தூய அறைக்குள் வரும் காற்றை வடிகட்டும் வழக்கமான வடிகட்டிகளின் இழையும் போரோசிலிகேட் கண்ணாடிதான், தூசியைத் தடுத்துவிட்டு போரானை உதிர்க்கும். அதற்காகப் போரான் இல்லாத வடிகட்டி போட்ட தனிப் பெட்டிக்குள் வேலை நடக்கிறது. ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் வெற்றுச் சோதனை ஒன்றும் கூடவே போகும். எங்கள் வளவைப் பார்த்தபிறகு அந்தக் கெடுபிடி பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

ஓட்டுக்கு வருவோம். தொண்டிக் கரையின் ஈர மணலை ஒரு டப்பா அள்ளி வந்தோம். டீ வடிகட்டியில் பெரியதைத் தள்ளி, ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வாங்கிய நைலான் வலைத்துணியில் சேற்றைக் கழுவி, மிஞ்சியதை உலர்த்தி, கறுப்புத் தாள் ஒட்டிய தட்டில் பரப்பினோம். யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, ஈரப்படுத்திய மெல்லிய பிரஷ்ஷின் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். சுருள் சுருளாக அம்மோனியா (வாயு இல்லை, ஃபொராமினிஃபெரா வகையின் பெயர்), எல்ஃபிடியம், பால் வெள்ளையில் குயின்குவெலோகுலினா. முதலில் கிடைப்பதெல்லாம் மணலாகவே தெரியும், ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் நிறையத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒன்றைத் தியாகம் செய்து வினிகர் சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் ஓடு, சும்மா கிடந்தால் மணல்.

இதில் போரானைப் பார்க்க முடியுமா? கணக்கே பதில் சொல்லிவிடுகிறது. ஓர் ஓடு சில பத்து மைக்ரோகிராம் எடை என்று வைத்தால், அதில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு போரான் என்பது ஒரு நானோகிராமுக்கும் கீழே. மஞ்சள் தாளுக்கு அதைப்போல இருபது மடங்காவது ஒரே சொட்டில் வேண்டும். அது கிடைத்தாலும் தாள் சொல்லப்போவது போரான் இருக்கிறதா என்பதை மட்டும்தான், அது 10ஆ 11ஆ என்பதைச் சொல்லாது. கையால் போகும் பாதை இங்கே முடிகிறது. இதற்கு அப்பால் ஆய்வகம்: ஒரே இனத்தில், ஒரே பருமனில், நூறு ஓடு அளவுக்குப் பொறுக்கி, உடைத்து, களிமண் போக அலசி, கரிமப் பொருள் போக ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கி, மேற்பரப்பை மிக நீர்த்த அமிலத்தில் தொட்டெடுத்து, கரைத்து, போரானை மட்டும் பிடிக்கும் பிசின் வழியே வடித்து, கடைசியில் அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் பிளாஸ்மா மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விகிதம் பார்க்கிறார்கள்.

ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஆச்சி வந்து எட்டிப் பார்த்தார்கள். "இதுக்கு எதுக்கும்மா தொண்டிக்குப் போனீக? இந்த வீட்டுச் சுவரே கிளிஞ்சச் சுண்ணாம்புதானே, அதச் சுரண்டிக்கிற வேண்டியதுதானே." நியாயமான கேள்வி. செட்டிநாட்டு வெள்ளைப்பூச்சு கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்ததுதான். ஆனால் காளவாயில் சுடும்போதே கிளிஞ்சலின் கரியமில வாயு போய்விடுகிறது, ஓட்டின் கட்டமைப்பும் குலைந்துவிடுகிறது. பிறகு சுவரில் இறுகும்போது அந்தச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆகவே சுவரில் இருப்பது பூசிய வருடத்துக் காற்றின் கார்பன், கிளிஞ்சல் வாழ்ந்த கடலின் பி.எச். அதில் இல்லை. ஆச்சிக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. "அப்ப எங்க ஐயா காலத்துக் காத்து இதுல இருக்குன்னு சொல்லு" என்று சுவரைத் தடவிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொல்லலாம்தான்.

பேத்தியின் கேள்வி வேறு: அரியலூர்ப் பக்கம் கிரெட்டேசியஸ் காலக் கடல் புதைபடிவம் அவ்வளவு கிடக்கிறதே, அதை வைத்து டைனோசர் காலக் காற்றைச் சொல்லலாமா? சிக்கல் இரண்டு. பாறையாக இறுகிய சுண்ணாம்பில் ஓடு அதே வடிவத்தில் இருந்தாலும், நிலத்தடி நீர் பட்டுப் பட்டு உள்ளே மறுபடிகமாகியிருக்கும். வடிவம் பழையது, வேதியியல் புதியது. மைக்ராஸ்கோப்பில் கண்ணாடிபோலப் பளபளக்கும் ஓடுதான் நம்பத்தக்கது, உறைபனி பூத்ததுபோல மங்கியிருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். களிமண்ணுக்குள் புதைந்தவை தப்பிக்கும். தான்சானியாவின் களிமண் அடுக்குகளில் அப்படிக் கண்ணாடிபோன்ற ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இரண்டாவது சிக்கல் கடைசியில் வருகிறது.

எங்கள் தொண்டி ஓடுகளும் இந்த வேலைக்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். கடற்புல் பகலில் கரியமில வாயுவை இழுத்து பி.எச்.சை ஏற்றும், இரவில் இறக்கும். அங்கே வாழும் உயிரின் ஓடு அந்தப் புல்லின் கதையைத்தான் சொல்லும். திறந்த பெருங்கடலில் மிதந்து வாழும் இனங்களைத்தான் எடுக்கிறார்கள். அவற்றிலும் சில இனங்கள் உடம்பில் பாசியை வளர்க்கும், அந்தப் பாசி ஓட்டைச் சுற்றிய பி.எச்.சைச் சற்று உயர்த்தும். அதனால் உயிரோடு பிடித்து, தெரிந்த பி.எச்.சில் வளர்த்து, இனம் இனமாகத் திருத்தக் கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள்.

மீதி வேலை எக்செல்லில். இன்றைய கடலின் போரான்-11 விகிதம், தரமாதிரியைவிட ஆயிரத்துக்கு 39.6 கூடுதல். போரிக் அமிலத்துக்கும் போரேட்டுக்கும் இடைவெளி ஆயிரத்துக்கு 27.2. இந்த இரண்டாவது எண்ணை க்ளோச்கோ குழு 2006இல் சோதனையில் அளந்தது. அதற்கு முன் கோட்பாட்டுக் கணக்கில் வந்த சிறிய எண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பி.கே. 8.6 என்று வைத்து, போரிக் அமிலம், போரேட் பங்குகளைத் தரும் சமன்பாட்டை மாற்றியெழுதினால் போரேட்டின் போரான்-11 மதிப்பு வந்துவிடும். பி.எச். 8.2க்கு 19.8, 8.1க்கு 18.6, 7.8க்கு 15.7. அதாவது 8.1, 8.2 பக்கத்தில் 0.1 பி.எச்.சுக்கு ஆயிரத்துக்கு 1.2 மாறுகிறது. நல்ல கருவி 0.2 வரை பிரித்துச் சொல்லும் என்பதால் 0.02 பி.எச். வரை பிடித்துவிடலாம். எங்கள் பேனாவின் துல்லியமே அவ்வளவு இல்லை!

பி.எச். தெரிந்தால் மட்டும் கரியமில வாயு வராது, கூட இன்னொரு அளவு வேண்டும். காரத்தன்மையை 2300 மைக்ரோமோல் என்றும், வெப்பம் 25 டிகிரி, உப்பு 35 என்றும் வைத்தால், 8.2க்கு ஏறத்தாழ 250 பிபிஎம், 8.1க்கு 340, 8.0க்கு 450 வருகிறது. பழைய கடலின் காரத்தன்மையை அளக்க வழியில்லையே என்று பேத்தி விடவில்லை. எக்செல்லின் காரத்தன்மைக் கட்டத்தில் எண்ணை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். காரத்தன்மையை நூற்றுக்குப் பத்து கூட்டினால் கரியமில வாயுவும் பத்துப் பங்குதான் கூடுகிறது. பி.எச். 0.1 தவறினால் முப்பது பங்குக்கு மேல் தவறுகிறது. பாரத்தைச் சுமப்பது பி.எச்.தான், அதனால்தான் போரானுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். வெப்பத்துக்கு அதே ஓட்டில் இருக்கும் மெக்னீசியம்-கால்சியம் விகிதம் உதவுகிறது.

இப்படிக் கணக்கிட்டுத்தான், 5.6 கோடி வருடத்துக்கு முன் பூமி திடீரெனச் சூடானபோது கடலின் மேற்பரப்பு பி.எச். சுமார் 0.3 இறங்கியது என்றும், 6.6 கோடி வருடத்துக்கு முன் விண்கல் விழுந்ததும் 0.25 இறங்கியது என்றும் சொல்கிறார்கள். எங்கள் டியூஷன் அறை வித்தியாசமும் அதே அளவுதான் என்பதைப் பிள்ளைகள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பல முறைகளின் தரவுகளைச் சலித்துப் பல ஆய்வாளர்கள் சேர்ந்து 2023இல் வெளியிட்ட தொகுப்பின்படி, இன்றைய அளவுக்குக் கரியமில வாயு நிலையாக இருந்தது கடைசியாக 1.4 கோடி வருடத்துக்கு முன்னால்.

இனி அந்த இரண்டாவது சிக்கல். 39.6 என்பது இன்றைய கடலின் எண். போரான் கடலில் ஒரு கோடி வருடத்துக்கு மேல் தங்கும், அதனால் இருபது, முப்பது லட்சம் வருடம் பின்னால் போவதற்கு அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஐந்து கோடி வருடம் என்றால் முடியாது. அப்போது கடலின் மதிப்பு 38ஐ ஒட்டி இருந்திருக்கலாம் என்கிறார்கள். பேத்தி அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினாள். ஓட்டில் அளந்தது 15.7 என்று வையுங்கள். கடல் 39.6 என்றால் பி.எச். 7.8, கரியமில வாயு 775 பிபிஎம் பக்கம். கடல் 38 என்றால் அதே ஓட்டுக்கு பி.எச். 7.98, கரியமில வாயு 475. ஓட்டை எவ்வளவு சுத்தமாகக் கழுவி அளந்தாலும் இந்த 300 பிபிஎம் வித்தியாசம் போகாது. மிகப் பழைய காலத்துக்கு வரும் வரைபடங்களில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக அகலமான பட்டை போட்டிருப்பது இதனால்தான். அவள் இப்போது 38க்கும் 39.6க்கும் இடையில் 0.2 இடைவெளியில் எல்லாவற்றுக்கும் கணக்கு ஓட்டி, தன் பட்டையைத் தானே வரைந்துகொண்டிருக்கிறாள்.